பாளையங்கோட்டையில் தொட்டுப் பார்த்த திமிங்கிலத் தும்பு

நேற்று ராத்திரிதான் திருநெல்வேலிப் பயணம் முடிந்து மதுரை வந்து சேர்ந்தேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அதெல்லாம் அப்புறம்.

முதலில் ஆட்டோ. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பாளையங்கோட்டைக்கு 250 ரூபாய் கேட்டார், வெயிலில் நின்று மல்லுக்கட்டி 200 கொடுத்தேன். இரண்டு நாளைக்கு நான் ஒதுக்கியதே 1500தான், அதில் 200 அரை மணி நேரத்தில் போய்விட்டது. அநியாயம். டவுன் பஸ் அடிக்கடி வருகிறது, அதில் ஏறிவிடுங்கள்.

நண்பன் வேலை பார்க்கும் கல்லூரியின் விலங்கியல் அலமாரியில் ஒரு பலீன் தகடு இருக்கிறது. சில திமிங்கிலங்களுக்குப் பல்லுக்குப் பதிலாக மேல்வாயில் வரிசையாகத் தொங்கி, தண்ணீரிலிருந்து இரையை வடிகட்டும் தகடு அது. எப்போதோ கரை ஒதுங்கிய பிரைட்ஸ் திமிங்கிலத்தினுடையதாம், முழங்கை நீளம்கூட இல்லை. வெளி ஓரம் மாட்டுக்கொம்பு மாதிரி வழவழப்பு, உள் ஓரம் அப்படியே பனந்தும்பு! உடன்குடிப் பக்கம் பனை மட்டையை அடித்துத் தும்பு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தும்பு தனியாக முளைப்பதில்லை என்று நண்பன் சொன்னதும்தான் எனக்கு விளங்கியது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் தகடு. மேல் ஈறிலிருந்து வாழ்நாள் முழுக்க வளர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. நடுவில் மெல்லிய குழல்கள், அவற்றை மூடி வெளியே கொம்புப் பூச்சு. நாக்கும் தண்ணீரும் இரையும் உரச உரச அந்தப் பூச்சு முதலில் தேய்ந்துபோக, உள்ளே இருந்த குழல்கள் நாராகப் பிரிந்து நிற்கின்றன, பக்கத்துத் தகட்டு நார்களோடு பின்னிச் சல்லடையாகிவிடுகின்றன. தேய்ந்தால்தான் அதற்குச் சாப்பாடே! வளர்ச்சி நின்றால் சல்லடை கரைந்துபோகும், தேய்மானம் இல்லையென்றால் சல்லடையே கிடையாது. ஆர்க்டிக்கில் வாழும் வில்தலைத் திமிங்கிலத்துக்கு இதே தகடு 4 மீட்டர் வரை நீளுமாம்.

2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் கூட்டமாகக் கரை ஒதுங்கிய திமிங்கிலங்களுக்கும் இப்படி இருந்திருக்குமா என்று கேட்டேன். இல்லை, அவை பைலட் திமிங்கிலங்கள், பல் உள்ள இனம்.

மதியம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்த அந்த மணத்துக்கு இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன், 120 ரூபாய்க்கு இதைவிட நல்ல சாப்பாடு மதுரையில் எனக்குக் கிடைத்ததில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் அந்தத் தகட்டை ஈறுப் பக்கமிருந்து நுனி வரை விரலால் தடவினேன். ஈறுப் பக்கம் கடைசியாக வளர்ந்தது, நுனிதான் பழையது. அதன் நெடுக வேதிக்கூறுகளைச் சோதித்தால் அந்தந்தக் காலத்தில் திமிங்கிலம் என்ன தின்றது என்பதுகூடத் தெரியுமாம். நுனிக்கு முந்தைய வருஷங்கள் மட்டும் கடலிலேயே தேய்ந்து போய்விட்டன.