தேரியும் கரிசலும்: மண்ணில் வண்ணம் செய்து பார்த்த கதை

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல், திருச்செந்தூர்ப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளின் சிவப்பு, தாமிரபரணிக் கரையில் வண்டல். இந்த மண்ணைக் கொண்டே இந்த நிலத்தை வரைந்தால் என்ன என்று தோன்றியதில், வாட்டர்கலர் டப்பாவை ஓரங்கட்டிவிட்டேன். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே கை வைக்கக் கூடாது. தேரி ஓரத்தில் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு டப்பா மண் வாங்கிக்கொண்டேன்.

செய்முறை எளிது. மண்ணை நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். அதைத் தெளிய விட்டு, அடியில் படியும் சேற்றைக் காயவைத்து, கல்வத்தில் அரைக்க வேண்டும். இரவு முழுக்க ஊறிய வேலம் பிசினை வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் தேன் சேர்த்துக் குழைத்தால் வண்ணம் தயார். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்.

தேரி மண்ணில் பெரும்பங்கு மணல்தான். சிவப்பு என்பது மணிகளின் மேல் பூசினாற்போல ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு. டப்பா நிறைய அலசினாலும் கிடைப்பது சில ஸ்பூன் பொடி. ஆனால் நிறம் அபாரம். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி ஓவியங்கள் இன்றும் நிற்பதற்கு இந்த இரும்புச் சிவப்புதான் காரணம், வெயிலுக்கு அது அசையாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து நான் தீட்டிய சிவப்போ, ஜன்னலோரம் வைத்த கொஞ்ச நாளிலேயே வெளிறிப் போனது. ஓடைக்கரை மஞ்சள் மண்ணை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் அதிலிருந்தும் ஒரு சிவப்பு வருகிறது. இரும்போடு பிணைந்திருந்த நீர் வெளியேறுவதால் வரும் மாற்றம் அது. வண்டலில் வந்த சாம்பல் பழுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கரிசல்தான் ஆட்டம் காட்டியது. வயலில் அத்தனை கறுப்பாகக் கிடக்கும் மண், தாளில் காய்ந்ததும் மங்கிய பழுப்பாகிவிட்டது. கெட்டியாகப் பூசினேன். மறுநாள் பார்த்தால் தாள் முழுக்க வெடிப்பு! நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கும் களிமண் அது. கோடையில் காடு வெடிப்பதும் இதனால்தான். பிசினைக் கூட்டினால் வெடிப்பு குறைந்தது, படத்தின் உயிரும் போனது. சரி, அதன் போக்கிலேயே விடுவோம் என்று இப்போது கெட்டியாகவே பூசுகிறேன். அறுப்பு முடிந்த பருத்திக் காட்டை வரையும்போது வெடிப்புகளை நான் வரைவதில்லை, அவையே வந்துவிடுகின்றன. எங்கே வரும் என்பது மட்டும் என் கையில் இல்லை. முதலில் பூசிவிட்டு, வெடித்த பிறகே செடிகளையும் வரப்பையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறேன். திட்டம் போட்டு வரைந்து பழகிய எனக்கு இது புதுப் பழக்கம், பிடித்தும் இருக்கிறது.

கறுப்புக்கு இப்போது கடுக்காய்த் தோல் ஊறிய நீரில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். தீட்டும்போது வெளிறித் தெரியும் கோடு காற்றுப்பட்டுக் கறுக்கிறது. அடுத்தது வெள்ளை. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியாயிற்று, வேலம் பிசினோடு அது ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும்.