மாட்டுத்தாவணியில் மல்லிகை வரும் நேரம்

மார்கழி 26 (ஜனவரி 10)

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குள் நான் நுழைந்தபோது மணி ஐந்தாகவில்லை. தாவணி என்பது மாட்டுச் சந்தைக்கு இந்தப் பக்கத்தில் வழங்கிய பழைய பெயர். மாடுகள் கைமாறிய இடத்தின் பெயரைச் சுமந்துகொண்டு இன்று பேருந்து நிலையமும் அதை ஒட்டிப் பூச்சந்தையும் இருக்கின்றன. செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சம்பங்கியும் முந்தைய இரவே மூட்டை மூட்டையாக வந்திறங்கி, குழல்விளக்குகளின் கீழ் குவிந்து கிடந்தன. மரிக்கொழுந்துக் கட்டுகளை ஒருவர் தண்ணீர் தெளித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பார்க்க வந்த மல்லிகை மட்டும் எங்கும் இல்லை.

காரணத்தைக் கமிஷன் கடைக் கணக்கர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மற்றப் பூக்களை முதல் நாளே பறித்து வைக்கலாம்; மல்லிகையை அப்படி வைக்க முடியாது. இன்று மாலை விரியவேண்டிய மொட்டை இன்று விடியுமுன் கிள்ளியாக வேண்டும், அது விரிவதற்குள் சந்தை, கட்டுபவர் கை, வாங்குபவர் கூந்தல் என்று மூன்று இடங்களையும் கடந்தாக வேண்டும். ஆகவே செடிக்காரர்கள் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் மல்லிகைக்குச் சந்தை பிறக்கிறது.

ஆறு மணியளவில் முதல் பைகள் வந்தன. ஈரத்துணி சுற்றிய சிறு பைகள், ஒரு கையில் தூக்கக்கூடியவை. கடைக்காரர் ஒரு பிடி மொட்டை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, புழு துளைத்த மொட்டு உள்ளதா, நேற்றைய மொட்டு கலந்திருக்கிறதா என்று விரலால் தள்ளிப் பார்த்தார். பார்த்த கணத்தில் விலை சொன்னார். கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிய விலை. மார்கழியில் முகூர்த்தமே கிடையாது. ஆனால் பொங்கல் நெருங்குகிறது, பனியால் செடி மொட்டு வைப்பதில்லை. இரண்டும் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டன.

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளின் பை எடைத்தட்டில் ஒன்றேகால் கிலோ காட்டியது. “நல்ல விலைதானே அம்மா?” என்று கேட்டுவிட்டேன். “விலை இருக்கு தம்பி, பூவு எங்க இருக்கு?” என்றார். கோடையில் அதே நிலத்தில் ஒரு நாளைக்கு இருபது கிலோ எடுப்பாராம். என் கேள்வி எவ்வளவு மேலோட்டமானது என்பது அப்போதுதான் புரிந்தது. நாளிதழில் மல்லிகை விலை உச்சம் தொட்டது என்று படிக்கும்போதெல்லாம் விவசாயிக்கு நல்ல காலம் என்றே இத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

மார்கழி 26, இரவு

சந்தையில் வாங்கி வந்த நூறு கிராம் மொட்டைத் தாம்பாளத்தில் கொட்டி எண்ணினேன். நானூற்று இருபதுக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு கிலோவுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மொட்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியே கிள்ளப்பட்டது. எண்ணி முடிப்பதற்குள் எனக்கு முதுகு வலித்தது. எண்ணத் தொடங்கியபோது மூடியிருந்த சில மொட்டுகள், முடித்தபோது நுனி பிளந்து வாசம் விடத் தொடங்கியிருந்தன.

மார்கழி 28 (ஜனவரி 12)

அந்த அம்மாளின் தோட்டத்துக்குப் போக அனுமதி கேட்டிருந்தேன், வரச் சொன்னார். நாலு மணிக்கு அவரும் அவர் மருமகளும் நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். பனியில் செடி முழுவதும் நனைந்திருந்தது. முழங்கால் உயரச் செடிக்குக் குனிந்து, அன்று விரியப்போகும் வெள்ளை மொட்டை மட்டும் எடுத்து, நாளைக்குரிய பச்சை மொட்டை விட்டுவிட வேண்டும். அரைகுறை வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. நான் பறித்ததில் பாதிக்கு மேல் பச்சை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவற்றைத் தனியே பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார்.

பாதித் தோட்டம் வெறும் குச்சியாக நின்றது. கார்த்திகையில் கவாத்து செய்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்ட பகுதி அது; மாசி பங்குனியில் துளிர்த்துக் கோடை முழுவதும் பூக்கும். மீதிப் பாதியைப் பொங்கல் விலைக்காக வெட்டாமல் விட்டிருக்கிறார். அதன் பலன் அந்த ஒன்றேகால் கிலோ. இந்தச் செடிகளின் பதியன்கள் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வந்தவை என்றார். மதுரை மல்லி 2013இல் புவிசார் குறியீடு பெற்ற செய்தியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு மொட்டுப்புழுவுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தை 1 (ஜனவரி 14)

கீழச் சித்திரை வீதியில் பூக்கட்டும் பெண்கள் முழம் அளந்து கொடுப்பதைச் சிறிது நேரம் நின்று பார்த்தேன். வழக்கமாக நெருக்கமாகக் கட்டும் ஓர் அக்கா, இன்று கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார். வாங்க வந்தவர் அதைச் சுட்டிக்காட்ட, விலையைக் கூட்டினால் வாங்கமாட்டீர்கள், அதனால் பூவைக் குறைத்தேன் என்று நேராகவே பதில் சொன்னார். இவர்களுக்கும் இந்த விலையால் லாபமில்லை. கால் கிலோ வாங்குவதற்கே கடன் சொல்லியிருந்தார்.

சித்திரை 9 (ஏப்ரல் 22)

மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே சந்தை. அடையாளம் தெரியவில்லை. மல்லிகைக்குப் பைகள் போதாமல் சாக்கு மூட்டைகளில் வந்திறங்கியது; நடைபாதையில் மொட்டுகள் மிதிபட்டுக் கிடந்தன; வாசம் தலைவலி தருமளவுக்கு இருந்தது. விலை முந்நூறுக்குக் கீழே. எட்டரை மணிக்கு மேல் வந்த பூவைச் சில்லறை வியாபாரிகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது சென்ட் ஃபேக்டரி வண்டிக்குப் போகிறது. அங்கே ஆயிரம் கிலோ பூவைக் கரைப்பானில் ஊறவைத்தால் ஓரிரு கிலோ மெழுகுச் சாறுதான் கிடைக்கும் என்பதால், அவர்கள் தரும் விலை சந்தை விலைக்கும் கீழேதான் நிற்கும்.

அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தேன். பதினெட்டுக் கிலோ கொண்டுவந்திருந்தார். இப்போது வீட்டார் கை போதாது. விடியுமுன் ஆறு பேரைக் கூலிக்கு வைத்துப் பறிக்கிறார். கடைக்காரர் சீட்டில் எடை எழுதி, விலை எழுதி, கமிஷன் கழித்துத் தொகையைக் காட்டினார். பறிகூலி, ஆட்டோ வாடகை, மருந்துக் கடைப் பாக்கி என்று அம்மாள் விரல்விட்டுக் கணக்குப் போடுவதை அருகில் நின்று பார்த்தேன். மார்கழியில் ஒன்றேகால் கிலோவுக்கு அவர் கையில் நின்ற பணமும், இன்று பதினெட்டுக் கிலோவுக்கு நிற்கும் பணமும் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்டது குனிந்து நின்ற நேரம்தான்.

சாக்கை உதறி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தார். நாளை முகூர்த்தமாம், விலை கொஞ்சம் ஏறலாம் என்று போகிற போக்கில் சொன்னார். இரண்டு மணிக்கே பறிக்க இறங்கப்போகிறார்களாம்.