கொழுந்து மடுவத்தில் ஒரு பெற்றோர் கூட்டம்

இலங்கையின் மலையகத்தில், பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். காலை பஸ்ஸில் டவுனிலிருந்து வந்து, ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் சக ஆசிரியர்கள் அடிக்கடி ஒரு குறை சொல்வார்கள்: தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லையாம், கூட்டம் வைத்தால் எட்டிப் பார்ப்பதில்லையாம். தோட்டத்திலேயே குடியிருக்கும் எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

கூட்டம் வைப்பது வேலை நாளில், காலை பத்து மணிக்கு. அப்போது தாய்மார் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள். இறங்கி வந்தால் பறிக்கும் கொழுந்தின் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், அரைப்பேராகும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அரசின் வர்த்தமானி அறிவித்தல் வந்த பிறகு பல தோட்டங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறுகியது. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நம் உபதேசத்தைக் கேள் என்றால் யார்தான் வருவார்கள்? தகப்பன்மாரில் பலர் கொழும்பில், கடைகளில்.

1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்குவதற்கு முன், பெரும்பாலும் ஒரே வாத்தியார்தான் எல்லா வகுப்புக்கும். கட்டடமும் ஆசிரியர் தொகையும் கூடியது நல்லதே. ஆனால் அந்த வாத்தியாருக்குத் தோட்டத்தின் நேரம் தெரிந்திருந்தது.

மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவைத்து, ஒரு மாலை முன்னேற்ற அறிக்கைகளை அள்ளிக்கொண்டு, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கே போனேன். நிறுவை முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்திருந்தது. ஒரு தாய் காலில் ஒட்டியிருந்த அட்டையைத் தட்டிவிட்டு, கறுத்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பார்த்த பிறகே அறிக்கையைக் கையில் வாங்கினார். "கணக்கில் ஏன் சேர் குறைந்தது? போன தவணை நன்றாக இருந்தாளே" என்றார். போன தவணைப் புள்ளியும் அவருக்கு மனப்பாடம். இவர்களுக்கா அக்கறை இல்லை?

இன்னொருவர் தரம் 5 புலமைப்பரிசில் வகுப்பைப் பற்றிக் கேட்டார். அதைச் சனிக்கிழமை வைக்கிறோம்; அன்றும் மலையில் வேலை உண்டு, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்ப்பது அந்தப் பிள்ளைதான். "ஞாயிறு வைத்தால் அனுப்புவேன், சேர்." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

வகுப்பை ஞாயிறுக்கு மாற்றியாயிற்று. டவுன் ஆசிரியர்கள் அன்றைக்கு வர மாட்டார்கள். கணிதத்தோடு தமிழையும் சுற்றாடலையும் நானே எடுக்க வேண்டியிருக்கிறது.