லாஃப் குத்தினால் முதல் இரண்டு மணி நேரம்

மொரீசியஸில் லகூனுக்குள், அதாவது பவளத்திட்டுக்கு உட்பட்ட ஆழமில்லாத கடலுக்குள், இறங்குகிறவர்களுக்கு லாஃப் தெரியும். கல்மீன்தான். ஆள் நெருங்கினாலும் ஓடாது. பாசி படிந்த கல் மாதிரி கிடந்தபடியே முதுகு முட்களை நிமிர்த்திக்கொள்ளும். முதுகில் 13 முட்கள். ஒவ்வொன்றின் இரு பக்கமும் விஷப்பை, மேலே தோலுறை. பாதம் அழுத்தினால் உறை கீழே இறங்கும், பை நசுங்கும், முள்ளில் உள்ள பள்ளம் வழியாக விஷம் சதைக்குள் ஏறும். அழுத்தி மிதித்தால் விஷமும் கூடுதலாக இறங்கும். மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும், வலையிலிருந்து கழற்றும்போது கவனம் தேவை.

குத்திய கணமே வலி தொடங்கிவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், தொடை இடுக்கு வரை இழுக்கும். துளையைச் சுற்றி முதலில் வெளிறிய வட்டம், பிறகு ஊதா நிறம், பிறகு வீக்கம். விஷத்திலுள்ள ஒரு புரதம் செல்களின் சவ்வைத் துளைக்கிறது. இன்னொரு நொதி திசுக்களை ஒட்டவைக்கும் பசையைக் கரைத்து விஷத்துக்கு வழிவிடுகிறது. ரத்தக்குழாய்கள் கசிவதால் கால் பளபளவென்று புடைத்து நிற்கும்.

ஆளை உடனே கரையேற்றுங்கள்; மயங்கினால் முழங்கால் ஆழத் தண்ணீரும் ஆபத்து. 114க்கு அழைத்து சாமுவிடம் (அவசர ஆம்புலன்ஸ் சேவை) சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் சுலபமாக வந்தால் எடுக்கலாம், தோண்டக் கூடாது. கழுவிவிட்டு வெந்நீருக்குப் போங்கள்.

வலியை அடக்க வெந்நீர்தான் முக்கியம். 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. வாளியில் முதலில் குழாய்த் தண்ணீர் மூன்று பங்கு, அதன்மேல் அப்போதே கொதித்த நீர் ஒரு பங்கு. காலையில் பிளாஸ்க்கில் ஊற்றிய நீர் பகலுக்குள் ஆறியிருக்கும், அதற்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் போதும். சூட்டைக் குத்துப்பட்டவர் பார்க்கக் கூடாது. வலியில் அவருக்குச் சூடு உறைக்காது, கால் வெந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல காலையும் சேர்த்து வாளியில் வைத்தால் இன்னும் பாதுகாப்பு. சர்க்கரை நோயாளிகளிடம் இரட்டைக் கவனம் வேண்டும், பாதம் ஏற்கெனவே மரத்திருக்கலாம். நம் தீவில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு.

அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கால் தண்ணீரில் இருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காலை வெளியே எடுத்துவிட்டுச் சூட்டைக் கூட்டுங்கள். கால் உள்ளே இருக்கும்போது கொதிநீரை ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆறினால் வலி திரும்பிவிடும். பலரும் இங்கேதான் வெந்நீருக்கு வலி கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

கயிறு கட்டாதீர்கள், இறுக்கிக் கட்டுப்போடாதீர்கள். விஷம் ஓரிடத்தில் தேங்கி அந்தச் சதையையே அழுக வைக்கும். ஐஸ் வேண்டாம். கீறி உறிஞ்ச வேண்டாம்.

வலி அடங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி இருந்தால் வெந்நீருக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கே மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அதன்பிறகு காலை வெந்நீரில் வைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1959 முதல் முறிமருந்து உண்டு. குதிரைச் சீரத்திலிருந்து எடுப்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும், மருத்துவர் கண்காணிப்பில்தான் போட முடியும். டெட்டனஸ் ஊசியைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேயும் கேளுங்கள், உள்ளே ஒடிந்து தங்கிய துண்டுதான் வாரக்கணக்கில் ஆறாத புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம்.

வீக்கம் சில நாள் இருக்கும், காலை உயர்த்தியே வைத்திருங்கள். மூன்றாம் நாளுக்குமேல் சிவப்பு பரவினால், சீழ் கண்டால், காய்ச்சல் வந்தால், அது விஷத்தின் வேலை இல்லை, கிருமித்தொற்று. அன்றே திரும்பப் போங்கள். கடல் தண்ணீரில் பட்ட காயம் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள், எந்த ஆன்டிபயாட்டிக் என்பது அதைப் பொறுத்து மாறும்.