சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்: எஸ்எஸ்டி மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

மேசைக்கு வந்தது 2018 வாக்கில் விற்பனையான, எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப். உள்ளே 1 டிபி, 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 திறந்து முடிவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம், ஆனால் படிக்கும் வேகம் சில நூறு கேபிதான். இந்த நிலையில் பலரும் வைரஸாக இருக்கும் என்று ஃபுல் ஸ்கேன் ஓட்டுவார்கள், அல்லது விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கட்டளையான செக்டிஸ்க்கை ‘ஆர்’ சேர்த்து ஓட்டுவார்கள். இரண்டும் டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிக்கவைக்கும். செக்டிஸ்க் அதோடு நிற்காமல், கெட்டுப்போன ஃபைல் அட்டவணையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதியும் வைக்கும். டிஸ்க்கில் மிச்சமிருக்கும் ஆயுளை டேட்டாவை வெளியே எடுப்பதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும்.

முதலில் ஸ்மார்ட் கணக்கு, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பு. அதைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள் போதும். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டேட்டா எழுதப்படும் சின்னச் சின்னத் துண்டுகள்). சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது திருத்தவே முடியாதவை. இவற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் ரா வேல்யூவும் வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில்தான் வரும், அதைப் பதின்ம எண்ணாகப் படித்து ஏமாற வேண்டாம். சி5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் கதை முடிந்தது. டேட்டா போகும் வழியில் நேர்ந்த பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறி மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நல்லதுதான், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா ரிப்பன் கேபிளைப் பாருங்கள். டிஸ்க் ‘டக், டக்’ என்று தாளம் போட்டால் அது டேட்டாவைப் படிக்கும் முனையான ஹெட்டின் பழுது. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா முக்கியமென்றால் டேட்டா மீட்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியத்தை மறந்துவிடுங்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, இருப்பதும் போகும்.

சத்தம் ஏதும் இல்லாததால் இங்கே வேலை வீட்டிலேயே முடியும். தேவை: லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென் டிரைவ், காலியான 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ. பழைய டிஸ்க்கைக் கழற்றி மலிவான யுஎஸ்பி கேஸில் போட வேண்டாம். கெட்ட செக்டர் வரும்போதெல்லாம் அந்தக் கேஸின் சிப் தொங்கிப்போய் இணைப்பு அறுந்துவிடும். டிஸ்க் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கட்டும், மின்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக பூட் செய்தால் போதும். ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க்கைக் கிளிக் செய்து திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4ஆக இருக்க வேண்டும். ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

டிடிரெஸ்க்யூவுக்கு மூலம் (பழைய டிஸ்க்), இலக்கு (எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முழு நகலாக உருவாகும் இமேஜ் ஃபைல்), மேப் ஃபைல் (எதுவரை படித்தது என்ற குறிப்பு) என்று மூன்று பெயர் கொடுக்க வேண்டும். மேப் ஃபைலை விட்டுவிட்டால், நடுவில் நின்றுபோகும்போது எல்லாம் முதலிலிருந்து. டிஸ்க்கின் பெயர் இடம் மாறினால் டேட்டாவின் மேலேயே எழுதப்பட்டுவிடக்கூடும், ஆகவே லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களில் எஸ்டிஏ எது, எஸ்டிபி எது என்பதை அளவையும் மாடல் பெயரையும் வைத்து எல்எஸ்பிஎல்கே கட்டளையில் உறுதி செய்த பிறகே என்டர். முதல் ஓட்டத்தில் ‘என்’ தெரிவு: கெட்ட பகுதிகளைத் துருவிக்கொண்டிருக்காமல், நல்லதையெல்லாம் முதலில் அள்ளிவிடும். அதன் பிறகு ‘டி’, ‘ஆர்3’ சேர்த்து, மிச்சத்தை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லலாம். நல்ல 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். கெட்ட செக்டர் நிறைந்த டிஸ்க் இரவு தாண்டியும் ஓடும். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல், பக்கத்தில் ஒரு ஃபேனைப் போட்டு விடுங்கள்.

கிடைத்த இமேஜ் ஃபைலை மின்டின் டிஸ்க்ஸ் செயலியில் ‘அட்டாச் டிஸ்க் இமேஜ்’ வழியாகத் திறந்தால் பார்டிஷன்கள் தெரியும். அது படிக்க மட்டுமே அனுமதித்தால் நல்லதுதான். விண்டோஸ் டிஸ்க்கை மறையாக்கும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாரும் எடுப்பார்கள். தவறவிடுவது வேறு சில. டேலி டேட்டா ஃபோல்டர் டாக்குமென்ட்ஸுக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கும். மின்னஞ்சல்கள் கிடக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், தண்டர்பேர்ட் ப்ரொஃபைல் இரண்டையும் தேடி எடுக்க வேண்டும். குரோம் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் புதிய விண்டோஸில் திறக்காது, ஏனென்றால் அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்து மறையாக்கப்பட்டவை. விண்டோஸ் இன்னும் திறக்கும் நிலையில் இருக்கும்போதே கூகுள் கணக்கோடு சிங்க் செய்தாக வேண்டும். அடுத்தது, நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது: விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்களும் திருமண அழைப்பிதழ்களும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியின் தேர்வில் பெரிய யோசனை வேண்டாம். 2.5 அங்குல, 7 மிமீ தடிமன் சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜிபி. விண்டோஸில் அது 465 ஜிபி என்று காட்டும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இந்த வயது லேப்டாப்புகளில் சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான காலி எம்.2 ஸ்லாட்டும் இருக்கக்கூடும். ஆனால் சிலவற்றில் அது சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சிலவற்றில் அதைவிட வேகமான என்விஎம்இ. சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் எம்.2 வாங்காதீர்கள். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று விற்கும் பெயர் தெரியாத எஸ்எஸ்டிகளில் கொள்ளளவைப் பொய்யாகக் காட்டுபவையும் உண்டு.

கழற்றுவது நிதானமாகச் செய்தால் கால் மணி நேர வேலை. தேவை பிஎச்0, பிஎச்1 அளவு ஸ்க்ரூ டிரைவர், மூடியை நெம்ப ஒரு பழைய ஏடிஎம் கார்டு. ரப்பர் பாதங்களுக்கு அடியிலும், டிவிடி டிரைவை இழுத்தபின் அதன் கீழும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஸ்க்ரூக்களை அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூ குட்டைத் துளைக்குள் போனால் டச்பேட் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றலாம். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் உலோகச் சட்டத்தைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். ரிப்பன் கேபிளின் பூட்டை நிமிர்த்தாமல் இழுத்தால் மதர்போர்டின் கனெக்டரே கையோடு வரும்.

விண்டோஸ் நிறுவலுக்கு 8 ஜிபி பென் டிரைவ், அதைத் தயாரிக்க வேறு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11தான் சரி. எட்டாம் தலைமுறை ஐ5 அதன் பட்டியலில் உண்டு. நிறுவி மறுத்தால், மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் இன்டெல் பிடிடி அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்பான டிபிஎம் 2.0இன் வேலையை அதுதான் செய்கிறது. அங்கேயே சாட்டா மோட் ஏஹெச்சிஐ என்று இருக்கட்டும். பென் டிரைவிலிருந்து தொடங்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அதைப் பயாஸுக்குள் போய் முதலில் இயக்க வேண்டும்.

விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் புராடக்ட் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும், டிஸ்க் மாறினால் லைசென்ஸ் போகாது. கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிப்பு மட்டும் பொருந்த வேண்டும்: இந்தியாவில் விற்ற பல லேப்டாப்புகளில் இருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், அங்கே ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. காலி எஸ்எஸ்டியில் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுத்தால், பார்டிஷன்களை நிறுவியே பிரித்துக்கொள்ளும். கடையில் பழக்கதோஷத்தில் சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். டிஸ்க் சாகும்போது மூன்றும் சேர்ந்துதான் சாகும்.

நடுவில் இணையம் கேட்கும், வைஃபை டிரைவரோ இருக்காது. ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டால் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் வந்ததும் அப்டேட்டை இரண்டு மூன்று ரீஸ்டார்ட் வரை ஓடவிட்டு, ஆக்டிவேஷனைப் பார்த்துவிடுங்கள். அடுத்து, டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு முதல் புதிய நிறுவலில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் அது தானாகவே இயங்கக்கூடும். இயங்கியிருந்தால் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, லேப்டாப் பைக்கு வெளியே வையுங்கள்.

பழைய டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டாம், பழைய சாமான் கடையில் அப்படியே போடவும் வேண்டாம். முதலில் மீட்ட ஃபைல்களைச் சரிபாருங்கள். பெரிய வீடியோக்களையும், டேலி கம்பெனிகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் படிக்க முடியாமல் போன செக்டர் எந்த ஃபைலுக்குள் விழுந்தது என்பது திறக்கும்வரை தெரியாது. அது முடியும்வரை அந்த இமேஜ் ஃபைலை அழிக்காதீர்கள்.