லிங்கிச்செட்டித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீடு

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் படித்து, கோலாலம்பூரில் பட்டம் வாங்கி, இப்போது இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்துக்காக வேலை செய்கிறேன். இந்திய வணிகமும் பன்னாட்டு வர்த்தகமும்தான் அந்த மையத்தின் பாடம். சம்பளம் அங்கிருந்து வருகிறது. குடித்தனம் பழைய வண்ணாரப்பேட்டையில்.

நாடுகள் போட்டுக்கொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களைச் சிறு ஏற்றுமதியாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், ஏன் பயன்படுத்தாமல் விடுகிறார்கள் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். களப்பணி சென்னையில் என்று முடிவானதும், அடையாறில் தங்கு, பெசன்ட் நகரில் தங்கு என்று மையத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏற்றுமதியாளர்களுக்காகச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுகளின் அலுவலகங்கள் இருப்பது லிங்கிச்செட்டித் தெருவிலும் தம்புச்செட்டித் தெருவிலும் மண்ணடியிலும். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் போவது காசிமேடு ஜீரோ கேட் வழியாக. படிக்க வேண்டியது வடக்கே இருக்கும்போது தெற்கே குடியிருந்து தினமும் வந்துபோவதில் என்ன இருக்கிறது?

வீடு கிடைத்தது மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், மாடியில். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று சட்டம் சொல்கிறது. ஊர் வழக்கம் பத்து மாதம். வீட்டுக்கார ஆயா ஐந்தில் நின்றார். சிக்கல் அப்புறம்தான் வந்தது. வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை வீட்டுக்காரர் அரசுக்குப் பதிவு செய்ய வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்த 14 நாளுக்குள் நானும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை விளக்கியதும் ஆயாவின் முகம் மாறிவிட்டது.

“நீ இன்னா தப்பு பண்ண, போலீஸுக்கு எழுதறதுக்கு?”

“தப்பு இல்ல ஆயா. நான் மலேசியா பாஸ்போர்ட். அதனாலதான்.”

“தமிழ் பேசற, குங்குமம் வெச்சிகினு இருக்க. நீ எப்டிம்மா வெளிநாட்டு ஆளு?”

கடைசியில் அவருடைய பேரன் கைபேசியிலேயே எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தான். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, கேஸ் இணைப்பு எல்லாம் ஒன்றுக்கு இன்னொன்று ஆதாரம் கேட்டன; வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தண்ணீர் வரும் நேரத்தை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா குடத்தை வைத்துவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். அதுதான் கணக்கு.

மண்ணடியில் எனக்கு முதலில் கதவைத் திறந்தது பினாங்கு என்ற பெயர். அங்கே ஏற்றுமதி செய்யும் ஒரு பாய், நான் ஊர் பெயரைச் சொன்னதும், சூலியா தெருவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் இன்ன கடை, இன்ன வீடு என்று எனக்கே தெரியாத அடையாளங்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அந்தப் பள்ளிவாசலைக் கட்டியது 1801-இல். இரண்டு ஊரும் அதற்கு முன்பிருந்தே கொடுக்கல் வாங்கலில் இருக்கின்றன. “நம்ம ஊர்ப் பொண்ணு” என்று சொல்லி, பக்கத்து அலுவலகத்துக்கும் என்னை அவரே அழைத்துப்போனார்.

அந்தப் பக்கத்து அலுவலகத்தில்தான் நான் பாடம் படித்தேன். சுங்கத் தேர்வு எழுதி, கிளியரிங் வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டையான ‘ஜி’ கார்டு வாங்கிய ஒரு அண்ணன் அங்கே இருக்கிறார். ஏற்றுமதிச் சரக்கைச் சுங்கத்துக்குத் தெரிவிக்கும் ஷிப்பிங் பில் போடுவது, சரக்கு எந்த வகை என்று காட்டும் எச்.எஸ். எண்ணைச் சரியாகப் பிடிப்பது, சுங்க அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் கையில். எச்.எஸ். எண்ணில் முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது. இந்தியா அதை 8 இலக்கமாக நீட்டி வைத்திருக்கிறது. ஒரு பொருளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டே அந்த எண்ணைச் சொல்லிவிடுவார். புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பது எனக்காகத்தான்.

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா போட்ட சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியாவுடன் தனி ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதல். சலுகை வரி வேண்டும் என்றால் சரக்கு இந்தியாவில் உருவானது என்று சான்றிதழ் எடுக்க வேண்டும். ஆசியான் விதிப்படி பொதுவாக, சரக்கின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஒப்பந்த நாடுகளுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் 6 இலக்க எண்ணும் உற்பத்தியில் மாறியிருக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தும் சலுகையை வாங்காமல் முழு வரி கட்டிப் போகும் சரக்கு உண்டு. வணிகர்களுக்கு விவரம் தெரியாததுதான் காரணம் என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்துவிட்டுத்தான் நானும் வந்தேன்.

அண்ணன் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். ₹4 லட்சம் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் நாட்டில் வரி 5 சதவீதம் குறைகிறது. மிச்சம் ₹20,000. அந்த மிச்சம் யாருக்கு? அங்கே வாங்குகிறவருக்கு. காகிதமும் அலைச்சலும் யாருக்கு? இங்கே அனுப்புகிறவருக்கு. பிறகு எதற்காக இவர் மெனக்கெட வேண்டும்?

பாய் தன் பங்குக்கு இன்னொன்றைச் சொன்னார். அவர் அனுப்பும் கன்டெய்னரில் எவர்சில்வர் பாத்திரம், அப்பளம், ஊதுபத்தி, மசாலாப் பொடி என்று பல பேர் செய்த சரக்கு கலந்து போகும். ஒவ்வொன்றுக்கும் உற்பத்திச் செலவு விவரம் வேண்டும். அப்பளம் போடுகிறவரிடம் போய் உளுந்து என்ன விலை, கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வாரா? சொன்னால் அடுத்த முறை பாய் விலையைக் குறைத்துக் கேட்பார் என்று அவருக்குத் தெரியாதா? ஆக, விவரம் தெரியாததால் நின்றுபோவது இல்லை. தெரிந்துதான் விடுகிறார்கள்.

விதிவிலக்கும் உண்டு. வாங்குகிறவர் சொந்தக்காரராகவோ நெடுநாள் வாடிக்கையாளராகவோ இருந்தால், மிச்சமாகும் வரியை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அப்போது சான்றிதழ் எடுக்கப்படுகிறது. ஒப்பந்தத்தின் பலன் நம்பிக்கை இருக்கும் இடத்துக்கு முதலில் போகிறது. இதை எந்தச் சுங்கப் புள்ளிவிவரத்திலிருந்தும் என்னால் எடுத்திருக்க முடியாது. மையத்துக்கு நான் அனுப்பிய முதல் அறிக்கையின் உயிர் இந்த ஒரு விஷயம்தான். ஆய்வுக்கான கேள்விப் பட்டியலில், வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் என்ன உறவு, எத்தனை வருடப் பழக்கம் என்ற கேள்விகளைச் சேர்க்கச் சொல்லி அழுத்தமாக எழுதினேன். சேர்த்தார்கள்.

இந்த வட்டாரம் உலக வணிகத்துக்குப் புதிதல்ல. மெட்ரோவில் காலடிப்பேட்டையில் இறங்கினால், 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடத்தில் நிற்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பகுதி என் வண்ணாரப்பேட்டை. மதராஸ் கைக்குட்டை என்ற பெயரில் இந்தக் கரையிலிருந்து போன கட்டம் போட்ட துணியை நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் தங்கள் சடங்குகளில் இன்னும் போற்றி வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அவற்றில் முன்பணம், கடன், தவணை என்றே பேச்சு. முன்பணம் வாங்கிய நெசவாளர் அந்த வணிகருக்கே கட்டுப்பட்டுக் கிடந்தார். சரக்கு போய்ச் சேர்ந்து மாதங்கள் கழித்துப் பணம் வரும் இன்றைய சிறு ஏற்றுமதியாளரைப் பார்க்கும்போது அந்த ஏடுகளை மறக்க முடியவில்லை.

என் கொள்ளுத்தாத்தாவும் இந்தத் துறைமுகத்தில் கப்பலேறியவர்தான். மலாயாத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் தங்கவைத்து அனுப்பிய காலம் அது. கங்காணி ஆள்பிடித்துக் கொண்டுபோனது, 1938-இல் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது எல்லாம் பள்ளியில் படித்ததுதான். ரப்பர் ஏற்றுமதிக் கணக்கு மட்டும் சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. பால் வெட்டியவர்களைப் பற்றி அப்படி யார் எழுதினார்கள்? ஆய்வு மையத்தில் ஆள் சேர்க்கும் நேர்காணலிலும் நான் இதைத்தான் சொன்னேன்.

அதனால்தான் இங்கே தெருவில் பார்ப்பதையும் என் குறிப்பேட்டில் வர்த்தகம் என்ற தலைப்பிலேயே எழுதுகிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஜீரோ கேட் நோக்கி வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள். இருக்கையிலேயே தூங்கும் ஓட்டுநர்கள். அவற்றுக்கு நடுவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இராயபுரத்தில் வீட்டுச் சுவரிலும் காயப்போட்ட துணியிலும் நிலக்கரித் தூசி படிந்த கதையை ஆயா சொல்வார். உயர் நீதிமன்ற ஆணைக்குப் பிறகு 2011-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் நின்றன. அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தானே. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது; 2023 டிசம்பர் புயல் மழையில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. துறைமுகம் ஆண்டுக்கு எத்தனை டன் கையாள்கிறது என்று எழுதும் அட்டவணையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் நம்புகிறேன். மையத்தில் இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் விடப்போவதில்லை.

ஊர் நினைப்பு வந்தால் பர்மா பஜார் பக்கம் போவேன். 1960-களில் பர்மாவை விட்டு வந்தவர்களுக்காக 1969-இல் உருவான கடைவீதி அது. இரண்டாவது கடற்கரைச் சாலையில் மாலையானால் தள்ளுவண்டிகளில் அத்தோ, மொய்ங்கா என்ற பர்மா நூடுல்ஸ் வகைகள் கிடைக்கும். மொய்ங்காவின் மீன் குழம்பு வாசனையில் எங்கள் ஊர் நூடுல்ஸான பினாங்கு லக்சாவின் சாயல் இருக்கிறது. வண்டிக்கார அக்கா வியாசர்பாடியில் பிறந்தவர். அவருடைய அம்மா ரங்கூனில். புதிதாக வந்த ஊரில் எப்படிக் காலூன்றினார்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “பக்கத்து ஊட்டுக்காரங்க கையில கொஞ்சம் கடன் வாங்குனோம், ஒழுங்கா திருப்பிக் குடுத்தோம். அப்புறம் அவங்களே கூப்பிட்டுக் குடுத்தாங்க” என்றார்.

இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு கையேடு. இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தப்படி, சுங்கப் பட்டியலில் உள்ள பொருள் இனங்களை எண்ணிப் பார்த்தால், இந்தியாவிலிருந்து போகிறவற்றில் 99 சதவீதத்துக்கு அங்கே சுங்க வரி இல்லை. பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளும் மண்ணடி வணிகர்களும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்கள் கைக்குக் கிடைப்பதெல்லாம் ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். தமிழில் ஒரு சிறு கையேடு போட மையத்தைச் சம்மதிக்க வைத்தேன். அறிமுகம், நோக்கம் என்று நான் எழுதியிருந்த முதல் இரண்டு பக்கங்களை அண்ணன் பென்சிலால் அடித்துவிட்டார்.

“தங்கச்சி, வரி மிச்சம் யாருக்குன்னு முதல் பக்கத்துல போடு. வாங்கறவன்கிட்ட பங்கு எப்டிக் கேக்கறதுன்னு ரெண்டாவது பக்கம். மத்ததெல்லாம் அப்புறம்.”

அந்த வரிசைப்படியே மாற்றி எழுதுகிறேன். வாங்குகிறவருக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதமும் சேர்கிறது. அதைப் பாய் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.