‘இதர’ என்றால் என்ன?

மாதக் கடைசி ஞாயிறு மாலை நான் எழுந்து நின்று கணக்குப் படிப்பேன். போன மாதக் கையிருப்பு, வரவு, செலவு, இந்த மாதக் கையிருப்பு. ஒன்பது வருஷமாக இது என் பொறுப்பு. எங்கள் சங்கம் மிகச் சிறியது. ஒரு வாசிப்பறை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, உறுப்பினர்களுக்குள் சேமிப்பும் சிறுகடனும், அவ்வளவுதான். படித்து முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். முதல் வருஷம் முழுக்க யாரும் காது கொடுத்துக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் உட்கார்ந்ததும் யாராவது “சரி, சரி” என்பார்கள், தீர்மானப் புத்தகம் கை மாறிக் கையெழுத்தாகித் திரும்பி வரும்.

இரண்டாம் வருஷத்தில் ஒருநாள், பேரனை வகுப்புக்கு அனுப்பும் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார்.

“ஏம்மா, கடைசியா இதரன்னு படிச்சியே, அது என்ன?”

எனக்குத் தெரியும். ஒரு பூட்டு, ஒரு பல்பு, இரண்டு வருகைப் பதிவேடு, வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு ஒருநாள் பஸ் செலவு. ஆனால் ரசீதுகளைத் தேடினால் இரண்டுதான் கிடைத்தன. கூட்டம் காத்திருந்தது, எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்னார்: “சந்தேகப்பட்டுக் கேக்கலம்மா. பூட்டு வாங்கினோம்னு படிச்சா, நம்ம அறைக்குப் புதுப் பூட்டு வந்திருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். இதரன்னு படிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் ரொக்கப் புத்தகத்தில் ‘இதர’ என்ற தலைப்பே கிடையாது. பூட்டு பூட்டாகவும் பல்பு பல்பாகவும் படிக்கப்படுகின்றன. படிக்கும் நேரம் பதினைந்திலிருந்து இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது. ஆனால் மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். “பல்பு போன மாசமும் வாங்கினோமே, ஒயரிங் பாக்கணும் போல” என்று ஒருவர் சொன்னார். அவரே மறுநாள் வந்து பார்த்துச் சரிசெய்தார். அவர் எலக்ட்ரீஷியன். நான்கு வருஷமாக உறுப்பினர், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தக் கணக்குப் படிப்பில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் பழையது. நான் பொறுப்பேற்பதற்கு வெகுகாலம் முன்பு, நான் சேமித்து வந்த இன்னொரு குழு உடைந்தது. அதன் பொருளாளர் நல்ல மனிதர், கணக்கெல்லாம் மனதிலேயே வைத்திருந்தார். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒருநாள் நோயில் விழுந்தார். நினைவு தப்பிவிட்டது. அதன்பிறகு ஆளுக்கொரு தொகை சொன்னோம். பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர்கள் எதிரில் வந்தால் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு காசு தொட்டிருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். அதை நிரூபிக்கத்தான் ஒரு துண்டுத்தாள் இல்லை. அவர் குடும்பம் அந்தப் பழியோடு வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனது.

கூட்டுறவின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தது அந்த வருத்தத்தில்தான். இங்கிலாந்தின் ராச்டேல் என்ற நெசவு ஊரில் 1844 டிசம்பர் 21 அன்று சில தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். மொத்த முதல் 28 பவுண்டு. அதைச் சிறுகச் சிறுகச் சேர்க்கவே அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி என்று ஒரு கைக்குள் அடங்கும் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை, ஆணோ பெண்ணோ ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு. இவற்றைப் பலரும் சொல்வார்கள். அந்த விதிகளின் வரிசையில், உறுப்பினர்கள் முன் அடிக்கடி கணக்கறிக்கை வைக்க வேண்டும் என்றும் ஒன்று இருக்கிறது. அதை முதன்முதலாகப் படித்தபோது அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டேன். அந்தக் கடை பிறகு உபரியில் 2.5 சதவீதத்தைக் கல்விக்கென்று ஒதுக்கியது. உறுப்பினர்களுக்கு வாசிப்பறையும் நூலகமும் நடத்தியது. மாவு விற்ற பணத்தில் புத்தகம். ஒரு வணிகமும் ஒரு பொதுச்சேவையும் ஒரே பேரேட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஜெர்மனியில் ரைஃபைசன் என்றொருவர் இருந்தார். கிராமங்களுக்கு மேயராக இருந்தவர். 1846–47 பஞ்சக் குளிர்காலத்தில் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டிக்கு வழிசெய்தார். அடுத்தடுத்து அவர் தொடங்கிய சங்கங்களும் கொடையாளிகளின் தயவில்தான் நின்றன. தயவு எத்தனை நாளைக்கு வரும்? 1864-இல் ஹெடெஸ்டோர்ஃபில் முறையை மாற்றினார். கடன் வேண்டுபவரே உறுப்பினராக வேண்டும், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மட்டுமே சேர முடிகிற அளவுக்கு எல்லையும் சின்னதாக வைக்கப்பட்டது. அவருடைய சங்கங்களில் நிர்வாகிகள் யாருக்கும் ஊதியம் கிடையாது, கணக்கெழுதுபவருக்கு மட்டும் உண்டு. இதை நான் எங்கள் செயற்குழுவில் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்காகக் கேட்கவில்லை. தலைவர் பதவி கௌரவம், அதை விரும்பி ஏற்க ஆள் வரும். கணக்கு என்பது ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ரசீதைத் தேடிக்கொண்டிருப்பது. அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு வைத்தவர்கள் 150 வருஷத்துக்கு முன்பே இருந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் சொன்னேன்.

இந்தியாவில் சுயஉதவிக் குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி 1992-இல் 500 குழுக்களோடு முன்னோட்டமாகத் தொடங்கியது. அந்தக் குழுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஐந்து விதிகளுக்குப் பஞ்சசூத்திரம் என்று பெயர். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கேடு. ராச்டேல் நெசவாளருக்கும் ஒரு குழுவின் பெண்களுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. ஐந்தாவது விதியில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

திட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சமயம் வெளியிலிருந்து ஒரு அமைப்பு எங்களுக்கு எட்டுக் கணினிகள் தந்தது. மனமார்ந்த உதவிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. திறப்பு விழா நடந்தது, படம் எடுத்தார்கள், மூன்று வருஷத் திட்டம் மூன்று வருஷத்தில் முடிந்தது. மின்கட்டணத்துக்கும் பழுதுபார்ப்பதற்கும் நாலாம் வருஷம் யார் கொடுப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இலவசமாக வருவதைக் கேள்வி கேட்டால் திரும்பப் போய்விடுமோ என்று பயம். எட்டில் ஐந்து இப்போது துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றின்மேல் பையை வைக்கிறார்கள்.

ஆண்ட்ரூ கார்னகி என்ற இரும்புத் தொழிலதிபர் 1883 முதல் 1929 வரை தம் பணத்தில் 2,509 நூலகங்கள் எழ வழிசெய்தார். அவருடைய நிபந்தனை கண்டிப்பானது. கட்டடத்துக்கு நான் தருகிறேன், இடம் உங்களுடையது, கட்டடத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் ஊர்ப் பணத்திலிருந்து ஒதுக்கி நூலகத்தை நடத்த வேண்டும் என்றார். அவர் சம்பாதித்த விதம் பற்றி விமர்சனங்கள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த நிபந்தனையை நான் மதிக்கிறேன். கொடுக்கிற அன்றே நாலாம் வருஷத்தைப் பற்றிப் பேசிவிட்டார். அந்தக் கணினிகளுக்குப் பிறகு எங்கள் சங்கம் எந்த நன்கொடை வந்தாலும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுகிறது: இதை நடத்த வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், அது எங்கிருந்து வரும். இரண்டாவது வரி காலியாக இருந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். இரண்டு முறை அனுப்பியிருக்கிறோம். இரண்டு முறையும் கூட்டத்தில் சண்டை வந்தது. மூன்றாவது முறை தந்தவரே இரண்டாவது வரியை நிரப்பிக்கொண்டு வந்தார்.

வணிகர்களிடம் கற்றதும் உண்டு. எங்கள் ஆண்டறிக்கையை அச்சடித்துத் தரும் அச்சகக்காரர் பணம் வாங்குவதில்லை. முதல் வருஷம் நான் நன்றிக் கடிதம் கொண்டுபோனேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து முழுத் தொகைக்கும் பில் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அக்கா, இதைச் செலவுல எழுதுங்க. அதே தொகையை நான் நன்கொடையாத் தர்றேன், வரவுல எழுதி ரசீது கொடுங்க. சும்மா கொடுத்தேன்னு விட்டா, அச்சுக்கூலின்னு ஒண்ணு இருக்குன்னே உங்க ஆளுங்களுக்குத் தெரியாது. நாளைக்கு நான் கடையை மூடிட்டா முழிப்பாங்க.”

இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் நடத்தியதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எதையெல்லாம் ‘சும்மா’ வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பட்டியல் போட்டேன். வகுப்பு எடுக்கும் பெண்ணின் மாலைகள், எலக்ட்ரீஷியனின் கூலி, அறையைப் பெருக்கும் அக்காவின் அரைமணி நேரம். இப்போது ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இவையெல்லாம் மணிக்கணக்கில் அச்சாகின்றன. பெருக்கும் அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறார் என்று அவர் மகள் சொன்னாள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் எல்லாவற்றையும் உரக்கப் படித்துவிட்டால் போதும் என்று நான் நம்புவதாகத் தோன்றும். அப்படித்தான் நம்பினேன். ஒரு மாதம் கடன் நிலுவையைப் பெயர்களோடு படித்தேன். நான்கு பேர். அதில் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். நான் அவர் பெயரைப் படித்தபோது அவர் தலை நிமிரவில்லை, பக்கத்திலிருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. அவருக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, படித்தேன். அவர் பிறகு கூட்டத்துக்கு வரவே இல்லை. கடன் முழுவதையும் மனைவி கொண்டுவந்து கட்டினார், ரசீது எழுதிய என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாங்கிக்கொண்டு போனார்.

பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்த எலினர் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். மேய்ச்சல் நிலம், பாசனம், மீன்பிடி நீர் என்று பல நாடுகளில் நீடித்து நின்ற ஏற்பாடுகளை ஒப்பிட்டு எட்டுக் கூறுகளை அவர் எடுத்துக் காட்டினார். கண்காணிப்பவர் பயன்படுத்துபவர்களில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருப்பார் என்பது அவற்றில் ஒன்று. விதியை மீறியவருக்குத் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் என்பது இன்னொன்று. நான் செய்தது கடைசிப் படியை முதல் நாளே எடுத்து வைத்தது.

இப்போது நிலுவையின் மொத்தத் தொகையையும் எத்தனை பேர் என்பதையும் மட்டும் கூட்டத்தில் படிக்கிறோம். இரண்டு தவணை தவறினால் இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போவார்கள். முதல் கேள்வி பணத்தைப் பற்றி இருக்கக் கூடாது என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட விதி. பெரும்பாலும் நான்தான் போகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கை ஒப்படைக்கிறேன். வாங்கிக்கொள்ளப் போகிறவள், எங்கள் மாலை வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு படித்த பெண். இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். நேற்று பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அவள் முன் எண்ணி வைத்தேன். ரொக்கப் புத்தகம் ஒன்பது, பேரேடு மூன்று, தீர்மானப் புத்தகம் நான்கு, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டுகள், முத்திரை, மை தீர்ந்த ஒரு பேட். அவள் முதல் புத்தகத்தைப் புரட்டி, பழைய பக்கம் ஒன்றில் நின்றாள்.

“இதரன்னு போட்டிருக்கே, இது என்ன அத்தை?”

உட்கார்ந்து சொன்னேன். பூட்டு, பல்பு, பதிவேடு, பஸ் செலவு. அவள் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.